இரண்டாம் குரல்

சுழியத்துக்குக் கீழே பதினெட்டு. தார்த்துவில் ஞாயிறு.
மேல்மாடி ஊர்வே கதவைத் தட்டி
"தட்டு சுற்றுகிறது, நொடி ஓடுகிறது,
பாட்டை மட்டும் காணோம்" என்றாள்,
போலீசில் புகார் கொடுப்பவள் மாதிரி.

ரொட்டி ஆலையில் முப்பத்தோராண்டு வேலை பார்த்தவள்.
ஆலைப் பெண்கள் சேர்ந்து பாடிய குறுந்தகடு,
மொத்தமே முந்நூறு பிரதி.
அட்டையில் மாவு அப்பிய கைகள்.
கணினி, மகன் ரைவோ கோத்துக் கொடுத்தது.
லினக்ஸைப் போட்டுவிட்டு
அயர்லாந்துக்குக் காளான் பறிக்கப் போய்விட்டான்.

முதலில், புத்தியில்லாமல்,
தகட்டை ஒரு கோப்புறையாகத் திறக்கப் பார்த்தேன்.
முடியாது என்றது கருந்திரை.
நியாயம்தான்.
அதில் கோப்பு என்று எதுவுமில்லை. பெயரில்லை, தேதியில்லை.
நடுவில் தொடங்கி விளிம்புக்குப் போகும்
ஒரே சுருள்பாதை, ஐந்து கிலோமீட்டர்.
வாசலில் ஒரு சின்னப் பட்டியல்:
எந்தப் பாட்டு எந்த நிமிடம், எந்த நொடி,
நொடியை எழுபத்தைந்தாக நறுக்கினால் எந்தத் துண்டு.
அவ்வளவுதான்.

நாலு பொத்தான் வைத்த அந்தச் செயலியும்
செய்வது கொஞ்சம்தான்.
தகட்டை விழுங்கிய டப்பாவுக்கு ஓர் உத்தரவு:
இங்கிருந்து இதுவரை.
தாபா சந்திப்பில் பச்சைக்கொடி காட்டுகிறவரைப் போல.
வண்டிக்குள் யார் அழுகிறார்கள், யார் சீட்டாடுகிறார்கள்,
கொடிக்குத் தெரியாது.
பாட்டு செயலியின் வழியாக வருவதே இல்லை;
டப்பாவின் முதுகிலிருந்து ஒலி அட்டைக்கு
அரைஞாண் கயிறு கனத்தில் ஒரு வயர்,
அதில் தனியாகப் போய்விடும்.

செயலி இணையத்தில் பெயர் கேட்டது.
பாட்டுகளின் நீளத்தைக் கூட்டிப் பிசைந்து
ஓர் எண்ணாக்கி அனுப்பும்.
பதில் வந்தது: 'நார்வே மீனவர் பாடல்கள், தொகுப்பு இரண்டு'.
எங்கோ ஒரு தகட்டுக்கும் அதே நீளங்கள்.
ஊர்வே வயிறு குலுங்கச் சிரித்தாள்.
"இத்தனை வருஷம் ரொட்டி. இப்போது மீனா?"

திருகாணிகளைக் கழற்றிப்
பக்கத் தகரத்தை எடுத்தேன்.
தூசு. ஒரு பேருந்துச் சீட்டு.
வயர் இல்லை.
ரைவோ மாட்டவே இல்லை.
நவம்பரிலிருந்து போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறாள்.
அத்தனை முறையும் அவர்கள் பாடியிருக்கிறார்கள்,
முழுசாக, தகரத்துக்குள்,
பின்பக்கத்து நாலு ஊசிகள் வரை வந்து
அங்கேயே நின்று.

டப்பாவின் முகத்தில் ஒரு துளை இருந்தது.
தொலைக்காட்சியிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கி வந்தாள்.
செருகினேன்.
காதில் வைத்ததும் அவள் பார்வை
என்னைத் தாண்டிப் போய்விட்டது.
பிறகு பாடத் தொடங்கினாள்.

ஊர்வே இரண்டாம் குரல்.
மெட்டுக்குத் தோள் கொடுக்கிற,
தனியாக யாரும் முணுமுணுக்காத வரிசை.
ஒரே சுரத்தில் வெகுநேரம் நின்றாள்.
அரைப்படி இறங்கினாள்.
எனக்குக் கேட்காத யாருக்கோ வழிவிட்டு நிறுத்தினாள்,
சரியான இடத்தில் மறுபடி ஏறிக்கொண்டாள்.
நாற்பது பெண்கள் அவள் தலைக்குள்.
எனக்குக் கிடைத்தது
ஒரு வீட்டின் உத்தரம் மட்டும்,
சுவரில்லை, கூரையில்லை.

செவ்வாய்க்கிழமை வேறு வழி பார்த்தேன்.
தகட்டை எண்களாகவே படிக்கச் சொன்னேன்,
நொடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு, இரண்டு காதுக்கும் தனித்தனியே.
கீறல் வந்தால் பின்னால் போய்
ஏற்கெனவே படித்த ஓரத்தோடு ஒட்டிவைத்து,
ஒத்துப்போகாவிட்டால் மறுபடியும் போய்,
யாரையும் நம்பாத கணக்குப்பிள்ளை அது.
சரியென்று பட்டால்தான் ஒலிபெருக்கிக்கு விடும்.

விட்டது.
அறை முழுக்கப் பெண்கள்.

ஊர்வே காப்பியை வைத்துவிட்டு
இம்முறை பாடாமல் உட்கார்ந்திருந்தாள்.
நான்காம் பாட்டு.
அந்தக் குரலை நான் தேடினேன், அத்தனை பேருக்குள்.
இதுவோ என்று நினைத்தால் வேறு யாரோ.
திரையில் 3:12, 3:13.
தலைப்பில் இன்னும் மீனவர்கள்.

பெயரை மாற்றட்டுமா என்றேன்.
இருக்கட்டும் என்றாள்.